தரகு வேண்டும், பொறுப்பு வேண்டாமா?

கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ், லக்சபான வழியாக மஸ்கெலியா செல்லும் பாதையில், கடைசி பஸ் போய்விட்டால் முச்சக்கரவண்டிதான் கதி. மீற்றர் கிடையாது, கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும். சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் அந்தத் தொகையும் ஏறும். பிக்மீ, ஊபர் செயலிகள் இங்கேயும் ஓடட்டும் என்று பயணிகள் ஆசைப்படுவதில் நியாயம் உண்டு. சுற்றுலா நகரங்களில் செயலி வண்டிகளை மறித்து மிரட்டும் அடாவடியை ஆதரிக்கவும் முடியாது. ஆனால் செயலி மலையேறுவதற்கு முன் அதற்கான சட்டம் ஏற வேண்டும்.

2014 டிசம்பரில் டில்லியில் ஊபர் வண்டியில் ஏறிய இளம்பெண்ணை அதன் சாரதியே பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினார். அவர்மீது ஏற்கெனவே பொலிஸ் வழக்குகள் இருந்தும் நிறுவனம் அவரை வேலைக்குச் சேர்த்திருந்தது. மறு ஆண்டில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டனில் அனுமதியற்றவர்கள், வேறு சாரதிகளின் ஊபர் கணக்குகளில் தங்கள் படத்தை ஏற்றிக் குறைந்தது 14,000 பயணங்கள் ஓட்டியது 2019இல் அம்பலமானது. கண்காணிப்பு மிகுந்த மாநகரங்களிலேயே இந்த நிலை. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைப்பாதையில், கைபேசியிலுள்ள அவசர பொத்தானை நம்பி ஒரு பெண் இரவில் தனியே ஏற முடியுமா?

சாரதியின் பாடும் பெரிதாக வேறுபடவில்லை. வாடகையை நிர்ணயிப்பது செயலி. அதில் தரகு எடுப்பதும் செயலி. கணக்கை முடக்குவதும் அதுவே. விபத்து நேர்ந்தால் மட்டும் அவர் ‘சுயதொழில் செய்பவர்’ ஆகிவிடுகிறார். இந்த வாதத்தை பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் நிராகரித்து, ஊபர் சாரதிகள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. நம் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. தோட்ட நிர்வாகம் அதற்கு 12 சதவீதம் செலுத்த வேண்டும். அவருடைய மகன் கொழும்புக்குப் போய், லீசிங் எடுத்த வண்டியைச் செயலியில் ஓட்டினால் அந்தச் சேமிப்பு கிடையாது. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டியது யார்? மாகாணத்துக்குள் நடக்கும் பயணிகள் போக்குவரத்து மாகாண சபையின் அதிகாரத்தில் உள்ளது. மத்திய மாகாண சபையின் பதவிக்காலமோ 2018இலேயே முடிந்துவிட்டது. தேர்தல் இன்னும் இல்லை. அதைக் காரணம் காட்டி ஆளுநர் நிர்வாகமும் மத்திய அரசும் கைகட்டி நிற்கலாகாது.

செயலி நிறுவனங்களுக்கு மாகாண அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட வேண்டும். பொலிஸ் சான்றிதழ் இல்லாத எவரையும் சாரதியாகச் சேர்க்கக் கூடாது. கணக்கு வைத்திருப்பவர்தான் வண்டியை ஓட்டுகிறாரா என்று இடையிடையே சோதிக்க வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் கேட்க ஆள் இருக்க வேண்டும். தரகு எவ்வளவு என்பதை ஒவ்வொரு பயணத்துக்கும் சாரதிக்குக் காட்ட வேண்டும். விசாரணையின்றிக் கணக்கை முடக்கக் கூடாது. சேமலாபத்துக்கும் விபத்துக் காப்புறுதிக்கும் நிறுவனமே பங்களிக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை ஏற்காத நிறுவனம் எதுவாயினும், மத்திய மாகாணப் பாதைகளில் தரகு எடுக்க அதற்கு அனுமதி கொடுக்கக் கூடாது.