ஊர் கூடி இழுக்க வேண்டிய ரயில்

கனடாவின் மனிரோபா மாகாணத்தின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கிறது சேர்ச்சில். அங்கே பலர் தங்கள் வாகனங்களைப் பூட்டுவதில்லை. தெருவில் துருவக் கரடி எதிர்ப்பட்டால், யாராயினும் அருகிலுள்ள கதவைத் திறந்து உள்ளே புகுந்துகொள்ளலாம். 2021 கணக்கெடுப்பின்படி 870 பேர் வாழும் ஊர். அங்கே ஒருவருடைய கதவு எல்லோருக்கும் காவல்.

இந்த ஊருக்குச் சாலை கிடையாது. விமானத்தை விட்டால் ரயில்தான். கிரீ, டெனே, இனுயிட் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த இந்தப் பகுதியில் 1717இல் ஹட்சன்ஸ் பே கம்பனி வணிக நிலையம் அமைத்தது. 1929இல் ரயில் வந்தது. 1931இல் புல்வெளி மாகாணங்களின் கோதுமையை ஏற்றத் துறைமுகம் திறந்தது. 1956இல் சயிசி டெனே மக்களை அரசு அவர்களுடைய வேட்டை நிலத்திலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்தது. வறுமையிலும் நோயிலும் பலர் மாண்டனர். 2016இல் மத்திய அரசு மன்னிப்புக் கேட்டது. அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவு எவ்வளவு கொடியது என்பதை அந்த வரலாறு சொல்கிறது.

1997இல் பாதையும் துறைமுகமும் தனியார் கைக்குப் போயின. 2012இல் தானிய விற்பனையில் கனடியக் கோதுமை வாரியத்துக்கு இருந்த ஏகபோகம் முடிந்ததும் தானிய வரத்து சரிந்தது. 2016இல் துறைமுகத்தில் தானியம் ஏற்றுவது நின்றது. 2017 மே மாதம் வெள்ளம் பாதையைப் பல இடங்களில் அரித்தது. உணவுப் பொருட்கள் விமானத்தில் வந்தன, விலை ஏறியது. பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்ற தகராறு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. 2018 ஆகஸ்ட் இறுதியில், முதற்குடி மக்களும் வட மனிரோபா ஊர்களும் பங்கேற்ற கூட்டமைப்பு பாதையை வாங்கியது. அக்டோபர் முடிவதற்குள் ரயில் மீண்டும் ஊர் வந்து சேர்ந்தது. வேலைக்கு இரண்டு மாதம் போதுமாக இருந்தது. பொறுப்பை ஏற்க ஆள் கிடைப்பதற்குத்தான் அத்தனை காலம் பிடித்தது.

அன்று மத்திய அரசு அறிவித்த உதவி 117 மில்லியன் டொலர். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பணமா என்று ரொறன்ரோவில் வரி செலுத்துபவர் கேட்டால், அதைக் குறுகிய மனம் என்று தள்ளிவிடக் கூடாது. பாதை நிரந்தர உறைபனி மீதும் சதுப்பின் மீதும் போகிறது. நிலம் இளகும் இடங்களில் தண்டவாளம் சரிகிறது. பராமரிப்பு ஒருநாளும் முடிவதில்லை. கடல் உறைவதால், கோடை முதல் இலையுதிர் காலம் வரைதான் கப்பல்கள் வர முடியும்.

மறுபக்கத்து நியாயமும் வலுவானது. வழிநெடுக உள்ள ஊர்களுக்கும் அந்த ரயில் உயிர்நாடி. வட அமெரிக்க ஆர்க்டிக்கில் ரயிலோடு இணைந்த ஒரே ஆழ்கடல் துறைமுகம் இது. கோடையில் பெலூகா திமிங்கிலங்களையும் இலையுதிர் காலத்தில் கரடிகளையும் காண வரும் பயணிகளே ஊரின் வருமானத்துக்குப் பெருந்துணை.

இரு நியாயங்களும் சேர்ந்து நடக்க வழி உண்டு. பொதுப் பணம் தொடரட்டும். செலவுக் கணக்கு ஆண்டுதோறும் பொதுவெளியில் வரட்டும். உள்ளூர் மக்களின் உரிமை நிலைக்கட்டும். சரக்கு தேடிக் கொண்டுவரும் கடமையும் அவர்களைச் சேரட்டும். கப்பல் போக்குவரத்து பெருகுமானால், கரடிக்கும் திமிங்கிலத்துக்கும் தீங்கு நேராதபடி அதற்கு எல்லை வகுக்கப்படட்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிய பாடம். வடத்தில் நமது கையும் இருக்கட்டும். அடுத்த வசந்தத்திலும் பனி உருகும், நிலம் இளகும். அன்று யார் பொறுப்பு என்று மறுபடி வாதாடாதிருக்க, இன்றே பேசி எழுதி வைப்போம்.