குதிரைக்கு மட்டும் வழி தெரிகிறதா?

வீடியோ கேமுக்கெல்லாம் கோபப்பட்டு ஒரு பதிவா என்று நினைப்பவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம். கோபமாகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவும் போகும்.

கோபம், 'ஓபன் வேர்ல்ட்' கேம்களைச் செய்து விற்கிறவர்கள் மேல். இந்த வகையை ஆடாதவர்களுக்காக ஒரு வரி: ஒரு பெரிய ஊரையோ நாட்டையோ கையில் கொடுத்துவிட்டு, கதை கிடக்கட்டும், உன் இஷ்டத்துக்குச் சுற்று என்று விட்டுவிடுகிற கேம்கள். ஜிடிஏ 5 (2013), செல்டா வரிசையில் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017), ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018), எல்டன் ரிங் (2022) எல்லாம் இந்த ஜாதி. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் இவற்றின் பெருமையே. பார்வையற்ற ஒருவர் எல்டன் ரிங்கை வாங்கிப் போட்டால் அவரால் போக முடிகிற தூரம் முதல் மெனு வரைதான். அந்த மெனுவும் வாயைத் திறந்து எதையும் படித்துக் காட்டாது.

"கண்ணு தெரியாதவங்க எதுக்குங்க கேம் ஆடணும்?" என்று ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார். கேட்டவர் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டே வளர்ந்தவர். டெண்டுல்கர் அடித்த நூறுகளில் பாதியைக் காதால்தான் 'பார்த்தேன்' என்று பெருமையாகச் சொல்வார். அவருக்கு அது போதுமாம், அடுத்தவருக்குப் போதாதாம்!

பார்வையற்றவர்கள் ரொம்ப நாளாகவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1997-லேயே ஜப்பானில் கென்ஜி ஏனோ என்பவர், படமே இல்லாமல் முழுக்க ஒலியால் ஆன 'ரியல் சவுண்ட்' என்ற கேமை சேகா சாட்டர்னுக்காகச் செய்தார். டெர்ரி காரெட் என்ற பார்வையற்ற அமெரிக்கர், பார்வையற்றவர்களுக்கென்று எந்த வசதியும் இல்லாத செல்டா: ஒகரினா ஆஃப் டைம் கேமை, சுவரில் மோதும் சத்தத்தையும் எதிரொலியையும் வைத்தே வருடக்கணக்கில் மெனக்கெட்டு முடித்துக் காட்டினார். 2023-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதை ஒலியால் சொல்லும் வசதியே உண்டு. அதாவது ஆள் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது.

அடுத்த சாக்கு: "தொழில்நுட்பத்தில் முடியாதுங்க."

2020 ஜூனில் நாட்டி டாக் நிறுவனம் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-ஐ வெளியிட்டதும் இந்தச் சாக்கு செத்திருக்க வேண்டும். 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள். மெனுவைப் படித்துக் காட்டும். ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்துப் போக வேண்டிய திசைக்கு உங்களைத் திருப்பிவிடும். இன்னொன்றை அழுத்தினால் வௌவால் மாதிரி சுற்றிலும் ஒலியை அனுப்பி, பக்கத்தில் பொருள் இருக்கிறதா, எதிரி இருக்கிறானா என்று காதில் சொல்லும். பிராண்டன் கோல் என்ற பார்வையற்ற ஆலோசகரை உட்கார வைத்துக்கொண்டு செய்த வேலை அது (அவர் 2024-ல் காலமாகிவிட்டார்). பார்வையே இல்லாதவர்கள் பக்கத்தில் யார் துணையும் இல்லாமல் அந்த கேமை முடித்தார்கள்.

உடனே என்ன சொன்னார்கள் தெரியுமா? "அது நேர்கோட்டில் போகிற கதை. போக வேண்டிய இடம் எப்போதும் ஒன்றுதான். ஓபன் வேர்ல்டில் அதெல்லாம் நடக்காது."

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டு, கேமராவை சினிமா பாணிக்கு மாற்றி, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். குதிரை தானாகவே பாதையைப் பிடித்து அங்கே போய்ச் சேரும். நாம் டீ குடித்துக்கொண்டு மலையை வேடிக்கை பார்க்கலாம். எங்கள் ஹாஸ்டலில் பார்வையற்ற நண்பன் ஒருவன் இருக்கிறான். நாங்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். குளம்புச் சத்தத்தை வைத்தே இப்போது மண்ணா, மரப்பாலமா, தண்ணீரா என்று எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவான். இந்தத் தானியங்கிக் குதிரை விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்டது இதுதான்: "டேய், குதிரைக்கு வழி சொல்லத் தெரிஞ்ச கேமுக்கு எனக்குச் சொல்லத் தெரியாதாடா?"

ஏஐ பாடத்தில் தூங்காமல் இருந்த வகுப்புத் தோழர்களுக்கு இதற்கான பதில் தெரியும். அந்தக் குதிரைக்குக் கண் கிடையாது. கேமில் நடமாடும் போலீஸ்காரன், கடைக்காரன், நாய், ஓநாய் எதுவும் நம்மைப் போல் படத்தைப் பார்த்து நடப்பதில்லை. இந்த மாதிரி கேம்களில் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது என்று குறித்துவைத்த 'நேவ்மெஷ்' என்ற ஒரு வலை தரைக்கு மேல் விரித்தாற்போல இருக்கும். அதன் மேல் ஏ-ஸ்டார் போன்ற ஓர் அல்காரிதம் வழியைக் கணக்குப் போடும். ஏ-ஸ்டார் 1968-ல் வந்தது. நம் அப்பாக்கள் அரை டிரவுசர் போட்டுக்கொண்டிருந்த காலம். ஆக, இந்த உலகத்தில் இருக்கிற அத்தனை ஜீவராசிகளும் பார்வை இல்லாமல்தான் ஓடுகின்றன, பாய்கின்றன, நம்மைத் துரத்திக் கொல்கின்றன. எது எங்கே இருக்கிறது என்பது கேமுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அந்தத் தகவலை ஓநாய்க்குக் கொடுப்பார்களாம். காசு கொடுத்து வாங்கியவர் கேட்டால் மட்டும் தொழில்நுட்பம் முடியாதாம்.

சரி, நியாயமாகவும் பேசுவோம். வழி காட்டுவது மட்டும் போதாது. குறித்த இடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனால் அது டாக்ஸி. ஓபன் வேர்ல்டின் ருசியே வேறு. தூரத்தில் புகை தெரியும், 'அங்கே என்ன?' என்று போவோம். போகிற வழியில் ஒரு கோபுரம் தெரியும், புகையை மறந்துவிடுவோம். இந்தத் தடம் மாறுகிற சுகத்தை எப்படி ஒலியால் தருவது? கஷ்டமான கேள்விதான். ஆனால் கண்ணுக்கும் அது சும்மா வரவில்லையே. 2017-ல் ஜப்பானில் நடந்த செடெக் மாநாட்டில் நிண்டெண்டோக்காரர்களே விளக்கினார்கள்: பிரெத் ஆஃப் தி வைல்டின் நிலத்தை முக்கோண வடிவங்களாக யோசித்து அமைத்தார்களாம். மலை முதலில் பின்னால் இருப்பதை மறைக்கும், ஏற ஏற ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கும். நாம் சுதந்திரமாகச் சுற்றியதாக நினைத்ததெல்லாம் அவர்கள் விரித்த வலை! கண்ணை ஆசைகாட்ட இவ்வளவு உட்கார்ந்து யோசித்தவர்கள் காதை ஆசைகாட்ட ஒரு மத்தியானம்கூட யோசிக்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே கேமில் ஒரு கருவி உண்டு. கோயில் இருக்கும் பக்கம் திரும்பினால் பீப் பீப் என்று கத்தும். அருமையான யோசனை. ஆனால் அந்தக் கருவி எதைத் தேட வேண்டும் என்று மாற்றும் மெனு பேசாது. கேம் முதலில் ஓடிய ஸ்விட்ச் இயந்திரத்திலும் திரையைப் படிக்கும் வசதி கிடையாது. 2025-ல் ஸ்விட்ச் 2 வந்தபோதுதான் அது வந்து சேர்ந்தது.

கம்பெனிகள் யோசிக்காததைத் தன்னார்வலர்கள் செய்து காட்டிவிட்டார்கள். மைன்கிராஃப்டுக்கு மைன்கிராஃப்ட் ஆக்சஸ், ஸ்டார்ட்யூ வேலிக்கு ஸ்டார்ட்யூ ஆக்சஸ் என்று இலவச மாட்கள் இருக்கின்றன. எதிரே இருக்கும் கட்டம் கல்லா, செடியா என்று ஸ்கிரீன் ரீடர் வழியாகச் சொல்லும். சுற்றிலும் என்னென்ன இருக்கிறது என்பதைப் பட்டியலாகக் கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போகலாம். யார் சம்பளமும் கொடுக்காமல், ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை. ஒவ்வொரு முறை கேம் அப்டேட் ஆகும்போதும் இது உடைந்துபோகும் அபாயம் உண்டு, அவர்களே மறுபடி ஒட்ட வேண்டும். கோடிக்கணக்கில் டாலர் புரளும் நிறுவனங்கள் இதை வேடிக்கை பார்க்கின்றன.

சட்டம்? அமெரிக்காவில் 2010-ல் வந்த ஒரு சட்டம், கேம்களுக்குப் பல வருடம் விலக்குக் கொடுத்துவிட்டு, 2019 ஜனவரியிலிருந்து அமலுக்கு வந்தது. அதுவும் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசும், டைப் செய்யும் வசதிகளுக்கு மட்டும். பார்வையற்றவர் கேமுக்குள் அரட்டை அடிக்க உரிமை உண்டு, நடக்க உரிமை இல்லை. நல்ல சட்டம் :-)

'கலைஞனின் பார்வை' என்று ஒரு கூட்டம் கிளம்பும், தெரியும். 2019-ல் செகிரோ வந்தபோதும் இதே சண்டைதான். கஷ்டமாக இருப்பதுதான் அந்தக் கலை, அதைக் குறைக்காதே என்றார்கள். யார் குறைக்கச் சொன்னது? ராட்சசன் என்னைப் பத்து முறை கொன்றால் அவனையும் பத்து முறை கொல்லட்டும். வாள் வீச்சில் தோற்பது வேறு, ராட்சசன் எந்த வாசலில் நிற்கிறான் என்று தெரியாமலே சுவரில் முட்டிக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவதில் எந்தக் கலையும் இல்லை.

எனக்கு இப்போது பயம் வேறொன்றில். மெனுவைப் பேச வைத்தாலே கடமை முடிந்தது என்று ஒரு பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. அசாசின்ஸ் க்ரீட் வல்ஹல்லா (2020) மெனுவைப் படித்துக் காட்டியது, 2023-ல் வந்த ஹாக்வர்ட்ஸ் லெகசியும் படித்துக் காட்டியது. பாராட்டுகள், மாலைகள். 2025 மார்ச்சில் அமெரிக்க கேம் தொழில் சங்கம் 24 அணுகல் அடையாளங்களை அறிவித்தது, விற்பனைப் பக்கத்தில் போடுவதற்காக. அதில் ஒன்று 'மெனு பேசும்' என்பது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓர் அடையாளத்தை நம்பி ஒரு பார்வையற்றவர் நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேமை வாங்குகிறார் என்று வையுங்கள். ஒலி அளவு, மொழி, கடினம் எல்லாவற்றையும் மெனு அழகாக வாசித்துக் காட்டும். 'நியூ கேம்' என்றும் சொல்லும். அழுத்துவார். காற்று வீசும், எங்கோ ஒரு பறவை கத்தும், பக்கத்தில் குதிரை கனைக்கும். அந்தக் குதிரை எந்தப் பக்கம் என்று சொல்ல அந்த உலகத்தில் ஒரு நாதி இருக்காது.