பழுதைக் கண்டுபிடிப்பவருக்குக் காசு கொடுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கமாக நான் போடும் பழைய பள்ளிக்கூடப் படம் இல்லை. மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் என் 2004 மாடல் மாருதி 800 நடுவழியில் நின்ற செய்தி வந்ததும், "அந்த டப்பாவை எடைக்குப் போடுங்க மாமா" என்று ஆளுக்கு ஆள் எழுதினீர்கள். கார் மேல் குற்றமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் முடிந்து 2019-ல் ஒருமுறை, 2024-ல் மறுமுறை எஃப்.சி. காட்டி, ஆர்.சி. புதுப்பித்து, சட்டப்படி ஓடுகிற வண்டி அது. குற்றம் எங்கே என்பதுதான் இந்தப் பதிவு.

நோய் இதுதான். காலையில் நன்றாகக் கிளம்பும். முப்பது, நாற்பது நிமிடம் ஓடியபின் குலுங்கும், இழுவை குறையும், நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும்.

ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பெயர் எதற்கு? "பம்ப் போயிருச்சு சார், மாத்திருவோம்" என்றார்கள். 6,800 ரூபாய். ஒரு வாரத்தில் மறுபடி நின்றது. "அப்ப ரிலே, பிளக், ஃபில்டர் மாத்திப் பாப்போம்." 2,350 ரூபாய். மறுபடி நின்றது. "பேட்டரி வீக்கா இருக்கும்." 4,200 ரூபாய். மொத்தம் 13,350. என் பென்ஷனில் இது எவ்வளவு பெரிய துண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது முறை நின்றது எங்கே தெரியுமா? மதுரையில் உங்கள் டீச்சரம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடித்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் வழியில், காரியாபட்டி தாண்டி நாலுவழிச் சாலையில், இருட்டிய பிறகு. ஒரு கண்ணில் மூடி போட்ட பெண்மணியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, லாரிகள் உரசிக்கொண்டு போக, நான் செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். புது பம்ப், புது ரிலே, புது பேட்டரி எல்லாம் வண்டிக்குள்தான் இருந்தன.

"மாத்திப் பாப்போம்" என்ற வார்த்தையின் விலை அதுதான்.

மறுநாள் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், எழுபது வயது ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஒரு டெஸ்ட் லாம்ப்பும் ஒரு மீட்டரும் எடுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் எதையும் கழற்றவில்லை. "ஓட்டுங்க வாத்தியாரய்யா, அது நோவைக் காட்டட்டும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் சுற்றினோம். குலுங்க ஆரம்பித்ததும், இன்ஜின் ஓடும்போதே அளந்தார். பேட்டரியில் 13.6 வோல்ட். பம்ப்பில் 9.5 தான். மீதி 4.1 எங்கே? பம்ப்பின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். 3.8 வோல்ட் அங்கே தின்னப்பட்டுக்கொண்டிருந்தது. மீதி 0.3 தான் பிளஸ் பக்கம்.

பாடி தகட்டில் அந்த எர்த் ஒயரை முடுக்கிய போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். கூலி 400 ரூபாய். அன்றிலிருந்து வண்டி நிற்கவில்லை.

ஒர்க் ஷாப்பில் மீட்டர் இல்லையா? இருந்தது. பம்ப்பின் பிளக்கைக் கழற்றி அதில் மீட்டரை வைத்து, "12 வோல்ட் வருது, லைன் ஓகே" என்றார்கள். அங்கேதான் தவறு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், திருகை மூடியிருக்கும் வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் நூலாக ஒழுகும். கரண்ட் ஓடாதபோது துருவும் அப்படித்தான், தன்னைக் காட்டாது. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். வேலை செய்யும்போது அளக்க வேண்டும். அல்லது 21 வாட் பல்பை மாட்டி எரிகிறதா, மங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

"இப்பத்தான் ஸ்கேனர் இருக்கே" என்று மச்சான் கேட்டார். பம்ப்புக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது என்று இந்தப் பழைய வண்டியின் இ.சி.எம். அளப்பதே இல்லை. அளக்காததை ஸ்கேனர் எப்படிச் சொல்லும்?

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கார்புரேட்டர் 800-ல் பம்ப்பை இன்ஜினே இயக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் டேங்குக்குள் மின்சார பம்ப். சாவியை ஆன் செய்ததும் பின்னாலிருந்து இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். நின்றுபோன அந்த நேரத்தில் கேட்டுப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, எர்த், கடைசியாக பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். அதே மாதிரி இன்னொரு ரிலே வண்டியில் இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கக் காசு செலவில்லை. சத்தம் நன்றாக இருந்தால் இக்னிஷன் காயில், சென்சார் பக்கமும் பார்க்க வேண்டும். அவையும் சூடானால் இதே நாடகம் ஆடும். பியூஸ் போனால் பெரிய பியூஸோ கம்பியோ போடாதீர்கள், வண்டி எரியும். பெட்ரோல் குழாயை நீங்களே கழற்றாதீர்கள். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டாதீர்கள். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிரவைக்கிறது.

இனி கசப்பான பகுதி. அந்த ஒர்க் ஷாப்பில் பம்ப் மாற்றிய பையன் என் மாணவன். அவனும் இதைப் படிப்பான். தம்பி, உன் மேல் எனக்குக் கோபமில்லை. மின்சுற்று முழுதாக மூடியிருந்தால்தான் விளக்கு எரியும் என்று ஆறாம் வகுப்பில் உனக்குச் சொன்னவன் நான். சொன்னேன், கரும்பலகையில் படம் போட்டேன், நோட்டில் எழுதவைத்தேன். ஒரு பேட்டரியையும் பல்பையும் உன் கையில் கொடுத்தேனா? இல்லை. போகிற ஒயரை மட்டும் பார்த்து, திரும்பி வருகிற ஒயரை மறந்தது உன் தவறு என்றால், அதில் பாதி என்னுடையது.

மீதிப் பாதி வாடிக்கையாளர்களான நம்முடையது. பொருள் மாற்றினால் பில் கொடுக்கிறோம். ஒருவன் ஒரு மணி நேரம் தேடி, ஒரு போல்ட்டை இறுக்கினால், "இதுக்கா 400?" என்கிறோம். நானும் முதலில் அப்படித்தான் வாயெடுத்தேன், பெரியவர் முகம் பார்த்து அடக்கிக்கொண்டேன். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் எவன் கண்டுபிடிப்பான்? மாற்றத்தான் செய்வான்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை "மாத்திருவோம்" என்றால், "எதை அளந்து சொல்றீங்க?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்குங்கள். பழுதைக் கண்டுபிடித்தவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, நாளைக்கே பிள்ளைகள் கையில் பேட்டரியும் பல்பும் கொடுங்கள்.

வரும் வியாழக்கிழமை டீச்சரம்மாவை மறுபரிசோதனைக்கு மதுரை கூட்டிப்போகிறேன். அந்த டப்பாவில்தான்.