சட்டம் யார் பக்கம் ஆடுகிறது?

"விளையாட்டில் முதலாளி ஏது, தொழிலாளி ஏது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு, அமெரிக்க நாட்டின் பேஸ்பால் கதையை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். மட்டையால் பந்தடிக்கும் அந்த ஆட்டம் அங்கே பெரும்பணம் புரளும் தொழில்.

1879-ல் கிளப் முதலாளிகள் கூடி ரகசிய ஏற்பாடு ஒன்று செய்துகொண்டார்கள். ஒரு கிளப் தனக்கென ஒதுக்கிய ஆட்டக்காரரை இன்னொரு கிளப் சேர்க்கக் கூடாது. நாளடைவில் இது எல்லா ஆட்டக்காரர்கள் மீதும் பாய்ந்தது. 'ரிசர்வ் ஷரத்து' என்று இதற்குப் பெயர். ஒப்பந்தம் ஓராண்டுக்கு, பிடியோ ஆயுளுக்கு! கொடுத்ததை வாங்கிக்கொள், இல்லையேல் ஆட்டத்தை விட்டுப் போ. முதலாளி நினைத்தால் வேறு ஊர்க் கிளப்புக்கு விற்றுவிடுவான். பண்ணையாள் முறையைக் கண்ட நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

சட்டம் என்ன செய்தது? வியாபாரக் கூட்டுச்சதிகளைத் தடுக்க 1890-ல் அங்கே ஷெர்மன் சட்டம் வந்தது. டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர் சங்கம் ஒரு கம்பெனியின் சரக்கைப் பகிஷ்கரித்தது. தொழிலாளரின் வீடுகளும் சேமிப்பும் ஜப்தியாயின; அந்தச் சட்டம் அவர்கள் மீதும் பாயும் என்று 1908-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பின்னர் பேஸ்பால் முதலாளிகளின் முறை வந்தது. ஊர் ஊராக ஆட்களை ரயிலேற்றி டிக்கெட் விற்றவர்கள்! 1922-ல் அதே கோர்ட்டு, இது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரமே இல்லை என்று தீர்ப்பளித்தது. தொப்பி தைப்பவன் கூடினால் சதி. கோடீஸ்வரன் கூடினால் விளையாட்டு!

1969-ல் செயின்ட் லூயி கிளப், தன்னிடம் 12 ஆண்டு ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை ஒரு வார்த்தை கேளாமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. தாம் வாங்கி விற்கும் சொத்தல்ல என்று எழுதிவிட்டு அவர் வழக்குத் தொடுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குகிறவர் அடிமையா என்று கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமையே என்றார் அவர். சரியான பதில்! 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 3 என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தது. குத்துச்சண்டைக்கு இல்லாத சலுகை பேஸ்பாலுக்கு இருப்பது முரண்பாடுதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் திருத்துவது அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் வேலையாம்!

கோர்ட்டு கொடுக்காததைச் சங்கம் வாங்கித் தந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய மார்வின் மில்லர் 1966-ல் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமையேற்றார். 1970 ஒப்பந்தத்தில், தகராறுகளை நடுநிலை மத்தியஸ்தரிடம் கொண்டுபோகும் உரிமையைச் சங்கம் வென்றது. 1972 ஏப்ரலில் ஓய்வூதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தது; 86 ஆட்டங்கள் நின்றன. 1975 டிசம்பரில் மத்தியஸ்தர் தீர்ப்பளித்தார்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் ஓராண்டு ஆடி முடித்தவர், விரும்பிய கிளப்புக்குப் போகலாம். விலங்கு உடைந்தது! காங்கிரஸ் சபை சட்டத்தைத் திருத்தியதோ 1998-ல். அதற்குள் ஃபிளட் காலமாகிவிட்டார்.

2018-ல் அதே சபை, கீழ்மட்ட லீக் ஆட்டக்காரர் வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தாலும் கூடுதல் கூலி கிடையாது என்று சட்டம் போட்டது. 2022-ல் அவர்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தத்தில் சம்பளம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

தோழர்களே! வழக்காட வேண்டிய இடத்தில் வழக்காடுவோம். ஆனால் கோர்ட்டுப் படிக்கட்டே கதி என்று உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆலையானாலும் வயலானாலும் ஆட்டக்களமானாலும், சங்கம் பலத்தோடு நிற்கும் இடத்தில்தான் சட்டமும் உழைப்பாளி பக்கம் திரும்பிப் பார்க்கும்.