உடைந்த கிடாரும் விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட்டும்



மலருக்குக் கட்டுரை வேணும்னு பேரவைச் செயலாளர் கேட்டார். தன்னம்பிக்கை, இளைஞர் சக்தி பற்றியெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு உடைந்த எலக்ட்ரிக் கிடாரைப் பற்றி எழுதுகிறேன். "இவனுக்கு வேற வேலையே இல்லையா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்க அப்பாவும் அதையேதான் கேட்டார்.

போன வருடம் ஓசூர் தேர்த் திருவிழா முடிந்த வாரம். சிப்காட் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், ஃபேன் மூடிகளுக்கும் தகர டப்பாக்களுக்கும் நடுவில் அது கிடந்தது. எந்தக் கச்சேரியில் விழுந்து உடைந்ததோ தெரியாது. கடைக்காரர் "ஏனு பேக்கு?" என்றார். கையைக் காட்டினேன். எடை போட்டால் மரத்துக்குக் காசு வராது என்று அவருக்கும் தெரியும். 300 ரூபாய் என்றார். பஸ் பாஸ் இருந்த தைரியத்தில் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அப்பா ஒரு பார்வை பார்த்தார். "ஏன்டா, படிக்க அனுப்பினா மரக்கட்டையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க?" அவர் கேட்டது நியாயம்தான். அவர் ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அச்சிலிருந்து வரும் வார்ப்புகளைக் கிரைண்டரில் தேய்ப்பவர். அம்மா ரோஜாத் தோட்டத்தில் கூலி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என்னுடைய ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் காசு.

கிடாரின் நிலைமையைச் சொல்கிறேன். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் விரிசல். தந்தி முறுக்கும் சாவி ஒன்று இல்லை. பெயின்ட் பொரிந்து போயிருந்தது. மூன்று பிக்கப்பில் ஒன்று செத்துவிட்டது.

பிக்கப் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி கனமுள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும். புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டது இது. முதல் வருடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்துபோன அதே விதி!

நல்ல பிக்கப் இரண்டும் மல்டிமீட்டரில் ஆறு கிலோ ஓம் பக்கம் காட்டின. மூன்றாவது ஒன்றும் காட்டவில்லை. ஃபேன் காயில் கட்டும் கடைப் பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் கிடாரையே தொட்டதில்லை. ஆனால் பார்த்ததும் சொன்னார்: "தம்பி, சுருள் பூரா போயிருக்காது. முனையிலதான் அறுந்திருக்கும். வெளி முனையைத் தேடு."

அன்று இரவு ஒரு லென்ஸும் தையல் ஊசியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சொன்ன இடத்திலேயே அறுந்திருந்தது. எனாமலைச் சுரண்டி ஈயம் வைத்தேன். சூட்டுக்கோலை ஒரு நொடி அதிகம் வைத்துவிட்டேன், மறுபடி அறுந்தது. ஒரு சுற்றைப் பிரித்து மீண்டும் வைத்தேன். மீட்டரில் 5.9 வந்தது. நண்பர்களே, செமஸ்டர் ரிசல்ட்டில் கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

விரிசலில் ஃபெவிகால் இறக்கி, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி இரண்டு நாள் விட்டேன். மெக்கானிக்கல் நண்பன் பித்தளையில் ஒரு சாவி கடைந்து கொடுத்தான். பைக் பெயின்ட் அடிக்கும் அண்ணன் மீந்துபோன சிவப்பை அடித்துக் கொடுத்தார். முன் தகட்டை சன்மைக்காத் துண்டில் நானே வெட்டினேன். 'ங்ஙொய்' என்ற இரைச்சல் போக, உட்குழிவில் அலுமினியத் தாள் ஒட்டி கிரவுண்டில் சேர்த்தேன். எல்லாம் சேர்த்து 1,840 ரூபாய் ஆயிற்று.

கடைசியில் ஒரு தொல்லை. ஓர் இடத்தில் விரல் வைத்தால் சுருதி வராமல் கரகரவென்றது. மூன்று நாள் தேடினேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்த அப்பா கிடாரை வாங்கி, கட்டைவிரலை ஃபிரெட்டுகள் மேல் மெதுவாக ஓட்டினார். "இங்க மேடா இருக்குடா" என்றார். இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஆமாம்! இருபது வருடம் வார்ப்புத் தேய்த்த விரல் அது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். ஆனால் முதலில் தொழில் தெரிந்தவன் நான் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் ஆண்டு வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் ஒரு கடைக்குப் போய், பெட்டியோடு ப்ராஜெக்ட் வாங்கி வருகிறோம். ரிப்போர்ட்டும் அவர்களே அடித்துத் தருகிறார்கள். வைவாவில் "இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?" என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறோம். அந்த ஆயிரங்கள் யாருடைய காசு? அப்பாவின் ஓவர்டைம்! வேலை செய்யும் ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கி, "நான் செய்தேன்" என்று கையெழுத்துப் போடுகிறோமே, இதற்கு டிப்ளமோ எதற்கு?

ரிப்பேர்க்காரனை நாம் மட்டமாக நினைக்கிறோம். ஆனால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை 1954-ல் உலகுக்குக் கொடுத்த லியோ ஃபெண்டர் யார்? அமெரிக்காவில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! பழுது பார்த்தவர் என்பதால்தான், கழுத்தை ஒட்டாமல் திருகாணிகளால் பூட்டினார். கெட்டுப்போனால் கழற்றி மாற்றிவிடலாம். குயின் குழுவின் பிரையன் மே, 1963-ல் பதின்வயதில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிடார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம். உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அந்தக் கிடாரைத்தான் பல பத்தாண்டுகளாக மேடையில் வாசித்து வந்திருக்கிறார்.

வெளிநாட்டுக் கதை எதற்கு? நம்ம மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸைப் பாருங்கள். மாண்டலினில் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடித் தந்தியை வளைத்துக் கமகம் கொண்டுவருவது கஷ்டம். "இது கர்நாடக சங்கீதத்துக்கு ஆகாது" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடியை விட்டு ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி வைத்துக்கொண்டார். 1978-ல், ஒன்பது வயதில் மேடை ஏறியவர், 2014-ல் மறையும் வரை அந்தக் கருவியில் உலகத்தையே கேட்க வைத்தார். கருவி எப்படி வந்ததோ அப்படியே அதற்கு அடங்கிப் போகவில்லை. தனக்கு வேண்டியபடி அதை மாற்றினார்.

"இதெல்லாம் நேரம் உள்ளவனுக்கு, வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். பழுது பார்ப்பது எப்போதும் லாபம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஐம்பது நாள் மாலைப் பொழுது போயிற்று. ஒரு இன்டர்னல் டெஸ்டில் மார்க் குறைந்தது. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் இன்னும் சுத்தமாக வரவில்லை. ஆனால் நாளை ஒரு கம்பெனியில் லைன் நின்றுபோனால், "பழுது எங்கே?" என்று தேடத் தெரிந்தவனைத்தானே கூப்பிடுவார்கள்? தேடுவது எப்படி என்று எனக்கு இந்தக் கிடார்தான் சொல்லிக் கொடுத்தது. 2022-ல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளமே தொடங்கியது. உரிமை வந்தால் போதுமா, பழுது பார்க்கத் தெரிந்த கை வேண்டாமா?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிடாருக்குள் வருவது மில்லிவோல்ட், தைரியமாகக் கழற்றலாம். ஆம்ப்ளிஃபையருக்கு வருவது 230 வோல்ட்! திருவிழா மேடைகளில் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுவதை நானே பார்த்திருக்கிறேன். 1972-ல் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிடார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். எர்த் மீது கை வைக்காதீர்கள். ஒடிந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

பேரவைக்கு என் கோரிக்கை இரண்டே இரண்டு. ஒன்று, ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், ஒரு சூட்டுக்கோல். வீட்டில் கெட்டுப்போன எதையும் மாணவர்கள் கொண்டு வந்து பிரித்துப் பார்க்க, வாரம் ஒரு மாலை. இரண்டு, கெட்டுப்போன ஒரு பொருளை ஓட வைத்து, எங்கே பழுது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எழுதிக் கொடுத்தால், அதையும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக ஏற்கும்படி நிர்வாகத்திடம் பேசுங்கள். இதற்கு ஆயிரக்கணக்கில் செலவில்லை.

இந்த ஆண்டு விழாவில் அந்தச் சிவப்புக் கிடாரை வாசிக்கப் போகிறேன். வாசிப்பு சுமார்தான், முன்கூட்டியே மன்னித்துவிடுங்கள். அப்பா லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.



- இரண்டாமாண்டு மின்னணுவியல் மாணவன்