உடலுக்கும் ஒரு கணக்கு நோட்டு!

சனிக்கிழமை மாலை. திருப்பூரிலே சம்பள நாள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தோழர் சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுக்கிறார். திங்களன்று எத்தனை டஜன், செவ்வாயன்று எத்தனை டஜன் என்று வரிவரியாகக் கணக்கு! ஒரு டஜன் குறைந்தாலும் காண்டிராக்டரை அவர் விடுவதில்லை. விடவும் கூடாது, அது அவர் சிந்திய வியர்வை.

அந்தத் தோழரை நாம் கேட்கிறோம்: டஜனுக்குக் கணக்கு வைத்தீரே, உடலுக்குக் கணக்கு எங்கே? ஏற்றுமதியாகும் பனியனில் மார்பளவு சிறிது பிசகினாலும் செக்கிங்கில் ஒதுக்கிவிடுகிறார்கள். அதைத் தைத்தவரின் இடுப்பை அளந்து பார்த்தவர் யார்?

சர்க்கரை நோய் சீமான்களின் நோய் என்று பேசிய காலம் உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். அதன் வாசற்படியில் நிற்போர் 13 கோடிக்கு மேல். தமிழ்நாட்டிலே வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல்! இத்தனை பேரும் மாளிகைவாசிகளா? பவர்டேபிளின் முன் நாள் முழுதும் குந்தியிருப்பவர், பசியை டீயாலும் பன்னாலும் ஏமாற்றுபவர், இரவு பத்து மணிக்கு வெள்ளைச் சோற்றை வயிறு முட்ட உண்டு படுப்பவர் — இவர்களும்தான்!

"அப்பனுக்கு இருந்தது, எனக்கும் வந்தது, தலைவிதி" என்பார் சிலர். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதி என்று கைகட்டி நிற்பது பகுத்தறிவாகுமா? சென்னையிலே மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை ஆராய்ந்தனர். முடிவு 2006-ல் வந்தது. மூன்றாண்டில், அறிவுரை பெறாதோரில் நூற்றுக்கு 55 பேர் நோயாளியாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரில் 39 பேர்தான்! அதே குழுவினர் தொழில் நிறுவனங்களில் வேலை செய்த 537 ஆண்களை ஆராய்ந்து 2013-ல் சொன்னது இன்னும் இனிப்பான செய்தி. கைப்பேசிக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பியே, ஈராண்டில் நோயுற்றோரை நூற்றுக்கு 27-லிருந்து 18 ஆகக் குறைத்தனர். விதி குறுஞ்செய்திக்கா தோற்றது?

ஆகவே தோழர்களே, அதே நோட்டில் இன்னொரு பக்கம் திறப்பீர்! வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழே இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டால் நோய் என்று ஐயுற்று மறுபரிசோதனை செய்ய வேண்டும். இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டலாகாது. இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்த நடை. தேதியிட்டு எழுதுவீர். சோற்றைக் குறைத்துக் கொள்ளும் கீரையும் கூட்டுவீர். கொங்குச் சீமைக்குக் கொள்ளு புதிதா? டீயில் சர்க்கரையைக் குறைப்பீர், பீடியை எறிவீர். மாத்திரை உண்போர் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர். ஈ.எஸ்.ஐ. அட்டை உமது சம்பளத்தில் பிடித்த காசு; அதைப் பெட்டியில் பூட்டாதீர்! நோயாளியின் வாசலுக்கே மாத்திரை கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் பிறந்தது இந்தத் தமிழ் மண்ணில்தான்.

இங்கே ஒரு குரல் குறுக்கிடும்: "ஒன்றரை ஷிப்டு ஓட்டிவிட்டு எப்போது ஐயா நடப்பது?" நியாயமான கேள்வி! நோயை எல்லாம் தொழிலாளியின் நாக்கின்மேல் சுமத்திவிட்டு, நேரத்தைக் களவாடியோர் நழுவ நாம் விடமாட்டோம். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினாரே, அந்த நாளின் அடிப்படை முழக்கம் எட்டு மணி நேர வேலை! சரியாக நூறாண்டு கழித்து 2023-ல், பன்னிரண்டு மணி வேலைக்கு வழிதிறந்த திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, எதிர்ப்பு எழுந்தது, மே தினத்தன்றே திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. எட்டு மணி வேலை கூலிக்கணக்கு மட்டுமல்ல, உயிர்க்கணக்கு. எட்டு மணி வேலையிலேயே குடும்பம் நடத்தும் கூலி வேண்டும். மில்லிலும் கம்பெனியிலும் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை வேண்டும். கேட்போம்!

கேட்பதற்கும் உயிர் வேண்டுமே, உடல் வேண்டுமே! 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் போராடிய ஊர் இது. அந்த உறுதியில் ஒரு பங்கை உமது உடலுக்காகக் காட்டக் கூடாதா? அடுத்த சனிக்கிழமை சம்பளம் எண்ணியபின் சர்க்கரையையும் எண்ணுவீர். டஜன் குறைந்தால் அடுத்த வாரம் தைத்துக்கொள்ளலாம். ஆயுள் குறைந்தால் எந்தக் காண்டிராக்டர் கொடுப்பான்?