என் மேல் ஒரு வழக்கு

வழக்கு என்றால் பிறருக்குக் கோர்ட்டும் வக்கீலும் ஞாபகத்துக்கு வரலாம். தமிழ் உபாத்தியாயனாகிய எனக்கோ நன்னூல்தான் ஞாபகத்துக்கு வரும். பவணந்தி முனிவர் இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று இரண்டு வகுத்து, தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்கினார். அந்த மங்கல வழக்கைக் கொண்டே என்மேல் ஒரு வழக்குத் தொடுத்தவன் ஐந்து வயதுப் பையன். அவன் என் மகன்.

மங்கலத்தை வகுப்பில் நடத்துவதென்றால் எனக்கு வெகு உற்சாகம். மங்கலமல்லாததை மங்கலமான சொல்லால் சொல்வது அது. சுடுகாட்டை நன்காடு என்றார்கள் முன்னோர். கறுத்த ஆட்டை வெள்ளாடு என்றார்கள். "எங்கள் வீட்டு வெள்ளாடு வாஸ்தவமாகவே வெள்ளை, ஸார்! அதை என்னவென்று சொல்வது?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பதும், போகிறேன் என்னாமல் போய் வருகிறேன் என்பதும் நம் வீடுகளில் அன்றாடம் கேட்பவையே. "வார்த்தையைக் கேட்காதீர்கள், சொல்பவருடைய மனத்தைக் கேளுங்கள்" என்று உபதேசமும் செய்தேன்.

சென்ற தை மாதம் என் தகப்பனார் காலமானார். தாத்தாவின் மடியே கதியென்று கிடந்த குழந்தை, "தாத்தா ஏன் பேசவில்லை?" என்று கேட்டான். "தாத்தா தூங்கிவிட்டாரடா, கண்ணே" என்றேன்.

இலக்கணப்படி இதில் குற்றமே கிடையாது. துஞ்சுதல் என்ற ஒரே சொல் உறங்குவதையும் குறிக்கும், இறப்பதையும் குறிக்கும். புறநானூற்று அரசர்களில் ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். மற்றொருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். மாடத்தில் படுத்து அரசன் சுகமாக உறங்கினான் என்றா நாம் பொருள் கொள்கிறோம்? அவன் உயிர் நீத்த இடமல்லவா அது!

ஆனால் அன்று முதல் பையன் தூங்க மறுத்தான். கதை சொன்னோம், பால் கொடுத்தோம், பலிக்கவில்லை. என் தாயார் திருஷ்டி சுற்றிப் போட்டாள். வைத்தியர் வந்து பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். நடு நிசியில் விழித்துப் பார்த்தால், இருட்டில் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்வு நாற்காலியில் சற்றுக் கண்ணயர்ந்தேன். பிஞ்சு விரல்கள் என் இமையைப் பிடித்து இழுத்தன. "தூங்காதே அப்பா! தூங்கினால் தாத்தாவைப் போல உன்னையும் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வள்ளுவரும் சாவை உறக்கத்தோடு ஒப்பிட்டவர்தாம். ஆனால் அவர் உவம உருபை வைத்துச் சொன்னார். நானோ உருபைத் தொலைத்துவிட்டு, உவமையை உண்மையாகவே குழந்தையின் கையில் கொடுத்துவிட்டேன். ஆடு கறுப்பு என்பதை அறிந்தவனுக்கு வெள்ளாடு என்பது வேடிக்கை. ஆட்டையே காணாதவனுக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? சொல்பவருடைய மனத்தைக் கேட்கும்படி என் மாணவர்களுக்கு உபதேசித்தேன். கேட்பவனுடைய மனத்தை நான் பார்க்கவில்லை.

பையனை மடியில் உட்கார்த்திக்கொண்டேன். "அப்பா உனக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன். தாத்தா தூங்கவில்லை, செத்துப் போய்விட்டார். தூங்குகிறவர்கள் மூச்சு விடுவார்கள், கூப்பிட்டால் எழுந்திருப்பார்கள். தாத்தாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். இனி வரமாட்டார்."

"குழந்தையிடம் சொல்லுகிற வார்த்தையா இது?" என்று உள்ளேயிருந்து என் தாயார் பதறினாள்.

பையன் சற்று யோசித்தான். என் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தான். பிறகு இறங்கி உள்ளே ஓடி, பாட்டியின் மூக்கின் கீழேயும் வைத்துப் பார்த்தான். அதன் பின்புதான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தாத்தாவுக்காக முதன் முதலாக அழுதான். என் தாயாரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குமேல் அவள் என்னைக் கோபிக்கவில்லை. அன்றிரவு எட்டு மணிக்கெல்லாம் பையன் தூங்கிப் போனான்.

மங்கல வழக்கை இன்றும் நான் உற்சாகமாகவே நடத்துகிறேன். துக்க வீட்டில் பெரியவர்களுக்குள்ளே அது எத்தனையோ ஆறுதல். ஆனால் பாடம் முடிந்ததும், நன்னூலில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்கிறேன்: "மங்கலச் சொல்லைச் சொல்லுமுன், கேட்பவருக்கு உண்மைப் பொருள் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், முதலில் அதைச் சொல்லுங்கள்."